வெள்ளம் வடிந்த பிறகு வரும் நோய்: ஜொகூர் இந்தியர்கள் கவனிக்க வேண்டிய மனவடு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்துவிட்டால் ஜொகூரில் வடகிழக்குப் பருவமழைக்கான ஆயத்தம் தொடங்கிவிடும். படகுகளைச் சரிபார்ப்பார்கள். மெத்தை, போர்வை, உலர் உணவு எல்லாம் கிடங்குக்கு வந்து சேரும். எந்தப் பள்ளி, எந்த மண்டபம் துயர் துடைப்பு மையமாகும் என்ற பட்டியல் தயாராகும். மார்ச் மாதவாக்கில் மழை ஓய்ந்ததும் கணக்கு முடிக்கப்படும். எத்தனை குடும்பங்கள் வெளியேறின, எத்தனை வீடுகள் மூழ்கின, எவ்வளவு உதவித்தொகை கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் நாளிதழிலும் வரும்.

அந்தக் கணக்கில் ஏறாத ஒரு வரி இருக்கிறது. தண்ணீர் வடிந்து மூன்று மாதமாகியும் இரவில் தூங்க முடியாதவர்கள் எத்தனை பேர்? கூரையில் மழை விழும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருபவர்கள் எத்தனை பேர்? இதை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாததால் அதற்கென்று ஒரு ஏற்பாடும் நிலையாக இல்லை.

வெள்ளம் மட்டுமல்ல. கடந்த இருபது ஆண்டுகளில் நம் மாநிலம் பார்த்த துயரங்கள் பல. 2016 அக்டோபர் 25-ஆம் தேதி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீயில் 6 நோயாளிகள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பாகோ அருகே நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து 14 பேர் உயிரிழந்தார்கள். 2019 மார்ச்சில் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியது. 2024 மே 17-ஆம் தேதி உலு திராம் காவல் நிலையத் தாக்குதலில் 2 காவலர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொன்றும் சில நாட்கள் செய்தியானது, பிறகு மறைந்தது. நேரில் பார்த்தவர்களுக்கும் பறிகொடுத்தவர்களுக்கும் அது அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை.

இரண்டாவது வெள்ளம் செய்த வேலை

2006 டிசம்பர் மத்தியில் தொடங்கிய வெள்ளத்தை ஜொகூர் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோத்தா திங்கி, சிகாமட், மூவார், பத்து பகாட் என்று மாநிலத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. மக்கள் மையங்களுக்குப் போனார்கள். தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குத் திரும்பி, சேற்றை வாரிக் கொட்டி, சுவரைக் கழுவி, நனைந்த மெத்தையை எறிந்துவிட்டு, கையில் இருந்த காசில் புது அடுப்பும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் வாங்கினார்கள். 2007 ஜனவரி இரண்டாவது வாரத்தில் வெள்ளம் மறுபடியும் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். இரண்டு அலைகளிலும் சேர்த்து 18 பேர் மாண்டதாகப் பதிவாகியுள்ளது.

மனநலத்தின் கண்ணோட்டத்தில், முதல் வெள்ளத்தைவிட இரண்டாவது வெள்ளம் கொடியது. முதல் முறை வந்தது விபத்து என்று மனம் ஏற்றுக்கொள்ளும். கழுவித் துடைத்து நிமிரும்போது மீண்டும் வந்தால், "இனி எப்போது வேண்டுமானாலும் வரும்" என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. பாதுகாப்பு என்ற உணர்வு அங்கேதான் உடைகிறது.

2023 மார்ச்சிலும் இதே கதைதான். சா, லாபிஸ், யோங் பெங், பத்து பகாட் பகுதிகளில் பெய்த மழையால் மாநிலத்தில் 40,000-க்கும் அதிகமானோர் மையங்களுக்கு மாறினார்கள். பத்து பகாட்டில் தண்ணீர் சீக்கிரம் வடியவில்லை. சில குடும்பங்கள் வாரக்கணக்கில் பள்ளி மண்டபத்தில் கிடந்தன. தினமும் "நாளைக்குப் போகலாம்" என்று காத்திருப்பதும் ஒரு காயம்தான்.

பாசீர் கூடாங்கில் நடந்ததும் இதைப் போன்றதே. 2019 மார்ச் 7-ஆம் தேதி ஆற்றில் கழிவு கொட்டப்பட்ட பிறகு பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறலோடும் வாந்தியோடும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். மார்ச் 13-ஆம் தேதி பாசீர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 6,000 பேர்; அவர்களில் 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது ஜூன் மாதம் மறுபடியும் மாணவர்களுக்கு மூச்சுத் திணறல் வந்தது. பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. ஒரு வாடை மூக்கில் பட்டால் ஓடத் தயாராகும் பிள்ளையை "சும்மா நடிக்காதே" என்று அதட்டுவதில் நியாயமில்லை. அந்தப் பிள்ளையின் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது.

மனவடு என்றால் என்ன?

உடலில் வெட்டுக்காயம் ஆறினாலும் தழும்பு நிற்கும். அதைப் போல மனத்தில் நிற்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் "மனவடு" என்று அழைத்தார்கள். நல்ல சொல். மருத்துவ உலகம் 1980-ஆம் ஆண்டுதான் இதை ஒரு நோயாக அதிகாரபூர்வமாக வரையறுத்தது. இன்று அதை ஆங்கிலச் சுருக்கத்தில் பிடிஎஸ்டி என்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்து வரும்போது மூளையின் அபாயமணி அடிக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கை கால் விறைக்கும், கவனம் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். தப்பிப்பதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். சிலருக்கு அது நிற்பதில்லை. அதன் அடையாளங்கள் நான்கு வகைப்படும்.

முதலாவது, நடந்தது திரும்பத் திரும்ப வருவது. கெட்ட கனவாக வரும். விழித்திருக்கும்போதே அந்தக் காட்சி கண்முன் ஓடும். நினைப்பது வேறு, அது மறுபடியும் நடப்பது போலவே இருப்பது வேறு.

இரண்டாவது, தவிர்ப்பது. விபத்து நடந்த சாலையைச் சுற்றிப் போவது, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போவது, இறந்தவரின் படத்தைத் திருப்பி வைப்பது.

மூன்றாவது, எந்நேரமும் உஷாராக இருப்பது. தூக்கம் வராது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார், காரணமே இல்லாமல் எரிந்து விழுவார்.

நான்காவது, மனம் மரத்துப் போவது. பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் தோன்றாது. "நான் தப்பித்திருக்கக் கூடாது", "எல்லாம் என்னால்தான்" என்ற எண்ணம் உள்ளே அரிக்கும்.

பிள்ளைகளிடம் இது வேறு வேடத்தில் வரும். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடியும் தொடங்கும். அம்மாவின் கையை விடாது. பள்ளிக்குப் போக மறுக்கும். விளையாட்டில்கூட வீடு மூழ்குவதையே திரும்பத் திரும்ப விளையாடும்.

இதை வைத்து எல்லாரும் நோயாளிகள் என்று சொல்லிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிப்பட்ட அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பிடிஎஸ்டி நோய்க்கு ஆளாகிறவர்கள் 5.6 விழுக்காட்டினர்தான். அதாவது, நூற்றில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அந்த நோய்க்கு ஆளாகாமலே மீண்டு வருகிறார்கள். முதல் சில வாரங்கள் தூக்கமின்மையும் அழுகையும் பயமும் இருப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலைக்கும் குடும்பத்துக்கும் தடையாக நின்றால்தான் அதை நோயாகப் பார்க்கிறார்கள்.

உதவி வரும் நேரமும் தேவைப்படும் நேரமும்

அந்த "ஒரு மாதம்" என்ற அளவில்தான் நம் ஏற்பாடுகளின் குறை தெரிகிறது.

பேரிடர் நடந்த முதல் வாரத்தில் மையங்களுக்கு எல்லாரும் வருகிறார்கள். தலைவர்கள் வருகிறார்கள், கட்சிக்காரர்கள் வருகிறார்கள், கோயில் நிர்வாகம் சாப்பாடு கொண்டுவருகிறது, இளைஞர் இயக்கங்கள் அரிசியும் பாலும் தூக்கி வருகின்றன. சுகாதார அமைச்சின் மனநல ஆதரவுக் குழுவும் வருகிறது. அந்த வாரத்தில் மக்களுக்கு அதிகம் தேவைப்படுவது காய்ந்த துணி, சூடான சாப்பாடு, தன் உறவினர் எங்கே இருக்கிறார் என்ற தகவல், இன்றிரவு பத்திரம் என்ற உறுதி ஆகியவைதான். சிகிச்சை தேவைப்படுவோர் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது, பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது.

யார் மீண்டார், யார் மீளவில்லை என்பது நான்கு வாரத்துக்குப் பிறகுதான் தெரியும். அப்போது மையம் மூடப்பட்டிருக்கும். குடும்பத்துக்கான உதவித்தொகை கைக்கு வந்து செலவாகியும் இருக்கும். தொண்டர்கள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். வீட்டுக்குள் ஒருவர் மட்டும் விடியும்வரை விழித்திருப்பார். அவர் கதவைத் தட்டுவதற்கு யாரும் இல்லை.

உதவி குறைவு என்பதைவிட, அது தவறான மாதத்தில் முடிந்துவிடுகிறது என்பதே உண்மை நிலை.

நாம் ஏன் சொல்வதில்லை?

இந்தக் குறை எல்லா இனத்தவருக்கும் பொது. ஆனால், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. நமக்குச் சொல்லிப் பழக்கமில்லை.

அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாம் – பர்மா இரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல பத்தாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலரா, மலேரியா, பசி, அடி. அங்கே மாண்ட போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய கல் இல்லை; எத்தனை பேர் மாண்டார்கள் என்ற சரியான கணக்கே வைக்கப்படவில்லை. உடல் கிடைக்காததால் பல குடும்பங்கள் முறைப்படி காரியம்கூடச் செய்ய முடியவில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் பல்லாண்டுகள் வாய் திறக்கவில்லை. அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் முயற்சிகள் நடந்தபோது பெரும்பாலோர் இறந்திருந்தார்கள்.

அந்தத் தாத்தாக்கள் பேசாமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், பேசாமல் இருப்பதுதான் மன உறுதி என்று கற்றுக்கொண்டார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய் செம்பனை வந்தது, லயத்து வீட்டைக் காலி செய்து தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தோம். பிறந்த இடம், கோயில், பக்கத்து வீட்டு அத்தை, சுடுகாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததும் ஒரு இழப்புதான். அதையும் நாம் சொல்லவில்லை.

சொல்லாத வலி வேறு வழியில் வெளியேறும். ஆண்களிடம் அது பெரும்பாலும் குடியாக வருகிறது. இரண்டு கிளாஸ் போட்டால் தூக்கம் வருகிறது என்பது உண்மைதான்; ஆனால் அந்தத் தூக்கம் ஆழமில்லாதது, நடு இரவில் கலையும், கெட்ட கனவை அதிகமாக்கும். "வெள்ளத்துக்குப் பிறகுதான் இப்படிக் குடிக்கிறார்" என்று ஒரு மனைவி சொன்னால் அதை வெறும் குடிப்பழக்கமாகப் பார்க்கக் கூடாது. பெண்களிடம் அது உடம்பு வலியாக வருகிறது. தலை கனம், நெஞ்சு எரிச்சல், கை கால் குடைச்சல். கிளினிக்குக்குப் போய் உடம்பு வலியை மட்டும் சொல்வார்கள். மருத்துவரும் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்.

அதோடு "தம்போய்" என்ற சொல். 1930-களில் கட்டப்பட்ட மனநல மருத்துவமனை, இன்றைய பெர்மாய் மருத்துவமனை, தம்போயில் இருப்பதால் ஜொகூரில் அந்த ஊரின் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது. "தம்போய்ல கொண்டு போய் விட்டுருவாங்க" என்று பிள்ளைகளைக் கிண்டல் செய்யும் வீட்டில், எனக்குத் தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் எப்படிச் சொல்வார்? மனவடுவுக்குச் சிகிச்சை பெறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே வெளிநோயாளியாகத்தான் வந்து போகிறார்கள். வார்டில் சேர்ப்பது அரிது.

குழந்தை பயந்துவிட்டால் "பயந்த கோளாறு" என்று மந்திரித்துத் திருநீறு போடுவது நம் வழக்கம். அதில் ஒரு தவறும் இல்லை. நம்பிக்கையுள்ள ஒருவர் தலையில் கை வைத்து "ஒண்ணும் இல்லைம்மா, சரியாயிடும்" என்று சொல்வதே ஒரு ஆறுதல். ஆனால் மூன்று முறை மந்திரித்தும் ஒரு மாதமாகியும் பிள்ளை தூங்கவில்லை என்றால், நான்காவது முறைக்கும் தாயத்துக்கும் செலவு செய்வதற்கு முன் கிளினிக்குக்குப் போக வேண்டும். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். சாமியை விட்டுவிட வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லப் போவதில்லை.

சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை

நாட்டின் நிலவரமும் கவலை தருவதாகவே இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 4.6 விழுக்காடு, அதாவது சுமார் 10 லட்சம் பேர். மனச்சோர்வும் மனவடுவும் ஒன்றல்ல, ஆனால் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசியத் தற்கொலைப் பதிவேடு பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது.

தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. மே மாதம் நாடாளுமன்ற மக்களவையில் அந்தத் திருத்தம் நிறைவேறியது. செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகாமல் வீட்டில் வைத்து மறைத்த குடும்பங்கள் உண்டு. இன்று அந்தப் பயத்துக்கு இடமில்லை. சட்டம் மாறிய செய்தி நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. படித்தவர்கள் இதைப் பத்து பேரிடம் சொன்னாலே போதும்.

எங்கே போவது? எப்படிச் சொல்வது?

முதல் படி, பக்கத்திலிருக்கும் அரசாங்க கிளினிக். கட்டணம் 1 ரிங்கிட். மனநலப் பரிசோதனை அங்கேயே செய்வார்கள். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கொடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட். ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட் ஆகிய பெரிய மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு பற்றி விசாரிக்கலாம். சமூக மனநல மையமான "மெந்தாரி" ஜொகூர் பாருவிலும் உண்டு.

மருத்துவரிடம் உடம்பு வலியை மட்டும் சொல்லாதீர்கள். மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, எப்போதிலிருந்து, அதனால் எதைச் செய்ய முடியவில்லை. மலாய் சரளமாக வராத பெரியவர்கள் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: "சாயா சூசா தீடோர் செஜாக் பஞ்சிர்." வெள்ளத்திலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை என்பது அதன் பொருள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் அடுத்த கேள்வியை மாற்றிவிடும். கூட வரும் மகனோ மகளோ மொழிபெயர்க்கலாம். ஆனால் சில விஷயங்களைப் பிள்ளைகள் முன் சொல்ல முடியாது. அப்போது தமிழ் தெரிந்த தாதியோ பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களால் வார நாட்களில் கிளினிக்குக்குப் போக முடிவதில்லை. அவர்களுக்குத் தொலைபேசிச் சேவை உதவும். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. இது 24 மணி நேரமும் இயங்குகிறது. வீட்டில் அடி உதை, பிள்ளைகளுக்குக் கொடுமை என்றால் தாலியான் காசே 15999. உயிருக்கு ஆபத்து என்றால் 999. அழைத்தவுடன் தமிழில் பேச விரும்புவதாகச் சொல்லுங்கள். அப்போது தமிழ் பேசுபவர் இல்லையென்றால், எப்போது இருப்பார் என்று கேட்டு வையுங்கள்.

சிகிச்சை என்றால் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று அர்த்தமில்லை. மனவடுவுக்கு முதன்மையான சிகிச்சை பேச்சு வழிதான். பயிற்சி பெற்ற ஆலோசகரோடு, பொதுவாக வாரம் ஒரு முறை, சில மாதங்கள். நடந்ததைப் பாதுகாப்பான முறையில் கொஞ்சம் கொஞ்சமாக நினைத்துப் பார்க்கவும், பயத்தால் தவிர்த்த இடங்களுக்கு மெல்ல மெல்லத் திரும்பவும் கற்றுத் தருகிறார்கள். சிலருக்கு மாத்திரையும் உதவும். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்; இரண்டு நாளில் பலனில்லை என்று நிறுத்தக் கூடாது, பலன் தெரிந்ததும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டாரின் தூக்க மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து, அது பழக்கமாகிவிடும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று சொற்களில் அடங்கும்: பார், கேள், இணை. யாருக்கு உதவி தேவை என்று பார். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேள். கிளினிக், உறவினர், உதவித்தொகை என்று தேவையானதோடு அவரை இணை. இதற்குப் பட்டம் தேவையில்லை.

செய்யக்கூடாததும் உண்டு. "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு" என்று வருகிறவர்கள் எல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்கக் கூடாது. நடந்த உடனே கட்டாயப்படுத்திப் பேச வைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அவர் பேச விரும்பும்போது உட்கார்ந்து கேட்டால் போதும். "அதையே நினைச்சிக்கிட்டு இருந்தா எப்படிண்ணே, விட்டுத் தள்ளுங்க" என்பதும், "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க" என்பதும் நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவைதான். கேட்பவருக்கு அவை, "உன் பேச்சு போதும்" என்றுதான் காதில் விழும். "ரொம்ப பயந்துட்டீங்க இல்ல, நான் கூட இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குப் பழைய நேர ஒழுங்கு திரும்ப வேண்டும். சாப்பாடு, குளியல், பள்ளி, தூக்கம் எல்லாம் அதே நேரத்தில். வெள்ளக் காணொளிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள். மழை பெய்தால் என்ன செய்வோம், எங்கே போவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திட்டம் தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறைவு.

அடுத்த மழைக்கு முன் கேட்க வேண்டியவை

இலங்கையில் போரும் 2004 ஆழிப்பேரலையும் கண்ட தமிழ்ப் பகுதிகளில் பணியாற்றிய யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வலியுறுத்திய ஒரு கருத்து நமக்கும் பொருந்தும். தமிழ்ச் சமூகத்தில் பேரிடர் தனி மனிதரை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது. ஆகவே குணப்படுத்துவதும் ஊரோடு சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அவர் வாதம். அங்கே மருத்துவர்கள் போதாத நிலையில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சி, வழிபாடு, கூட்டு நினைவஞ்சலி போன்ற சொந்த வழக்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நம்மிடம் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். ஜொகூரில் சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊரிலும் கோயில் இருக்கிறது, இளைஞர் மணிமன்றமோ மகளிர் குழுவோ இருக்கிறது. இல்லாதது ஒரு ஏற்பாடு. அதற்காக மூன்று விஷயங்களைக் கேட்கலாம், செய்யலாம்.

ஒன்று, மையம் மூடும்போதே குடும்பங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஆறு வாரம் கழித்து ஒரு முறை நேரில் போய் விசாரிப்பது. "தூக்கம் வருகிறதா? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? வேலைக்குத் திரும்பிவிட்டாரா?" என்ற மூன்று கேள்விகள் போதும். இதை மாவட்ட சுகாதார அலுவலகத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கோரிக்கையாக வைக்கலாம். அவர்கள் தொடங்கும்வரை கோயில் நிர்வாகமே தன் பக்தர்களுக்குச் செய்யலாம்.

இரண்டு, தமிழ் பேசும் தொண்டர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி. அரிசி மூட்டை தூக்கத் தயாராக இருக்கும் இளைஞர்களில் ஊருக்கு ஐந்து பேர் இதைக் கற்றுக்கொண்டாலே பெரிய மாற்றம்.

மூன்று, தமிழ்ப்பள்ளிகள். முழுநேர ஆலோசக ஆசிரியர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே கிடைக்கிறது. ஐம்பது, அறுபது பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பள்ளிக்கு அது எட்டாது. அப்படிப்பட்ட பள்ளிகள் பலவும் வெள்ளம் வரும் உட்புறப் பகுதிகளில்தான் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பகிர்ந்துகொள்ள வழி கேட்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. முதல் வாரத்தில் ஓடிவரும் கால்களில் பாதி, இரண்டாவது மாதத்திலும் ஒரு முறை வந்தால் போதும். இந்த ஆண்டு மழைக்கான மெத்தையும் போர்வையும் கிடங்குக்கு வரும்போது, யார் வீட்டுக்கு யார் போய் விசாரிப்பது என்ற பட்டியலும் அதோடு சேர்ந்து தயாராகட்டும்.